மண்வெட்டி பிடித்த மாணவர்கள்

காலை ஆறரை மணி.

ஓசூர் வட்டாரத்தில் அந்த நேரத்துக் குளிர் எலும்பைத் தொடும். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிற ஊர் அல்லவா!

பெரிய சாலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகின்றன. முதல் ஷிப்டுக்குப் போகும் தொழிலாளர்கள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிறார்கள்.

பக்கத்து மண் பாதையில் வேறு ஒரு கூட்டம் நடந்து போகிறது. எல்லோருக்கும் வயது 18, 19, 20. ஆண்களும் உண்டு, பெண்களும் உண்டு. தோளில் மண்வெட்டி. கையில் இரும்புச் சட்டி. சிலர் காதை மறைத்துத் துண்டு கட்டியிருக்கிறார்கள்.

யார் இவர்கள்? கூலி வேலைக்குப் போகிறவர்களா?

இல்லை. கல்லூரி மாணவ-மாணவிகள்!

இவர்களுக்குக் கூலி கிடையாது. ஏரிக் கரையில் புதர் வெட்டப் போகிறார்கள். வாய்க்காலில் மண் அள்ளப் போகிறார்கள். ஏழு நாள் அந்த ஊரிலேயே தங்குவார்கள். பள்ளிக்கூடத்துத் தரையில் ஜமக்காளம் விரித்துப் படுப்பார்கள். தாங்களே சமைத்துச் சாப்பிடுவார்கள்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆண்டுதோறும் ஏதாவது ஒரு கிராமத்தில் காணக்கூடிய காட்சி இது. இதற்கு "நாட்டு நலப்பணித் திட்டம்" என்று பெயர்.

"படிக்கிற பிள்ளைக்கு இது எதற்கு?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. "இவர்கள் வந்து போவதால் ஊருக்கு என்ன லாபம்?" என்று கேட்கும் ஊர்க்காரர்களும் உண்டு. இரண்டும் நியாயமான கேள்விகள்தான்.

கட்டாயமா? விருப்பமா?

நாடு சுதந்திரம் அடைந்த சில ஆண்டுகளிலேயே இந்தப் பேச்சு எழுந்தது. ஏழைகள் கட்டும் வரிப் பணத்தில் கல்லூரிகள் நடக்கின்றன. அதில் படிக்கிறவன் ஊருக்கு ஏதாவது திருப்பித் தர வேண்டாமா? இதுதான் கேள்வி.

1959-ம் ஆண்டில் சி.டி.தேஷ்முக் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். அவர் மத்திய நிதி மந்திரியாக இருந்தவர். கணக்கில் புலி. அந்தக் குழு கறாராகச் சொல்லிவிட்டது. பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரிக்குப் போக விரும்பும் ஒவ்வொருவரும் ஒன்பது மாதம் முதல் ஓர் ஆண்டு வரை நாட்டுக்குத் தொண்டு செய்ய வேண்டும். கட்டாயம்!

ஆனால் அத்தனை லட்சம் பிள்ளைகளுக்கும் சோறு போட வேண்டும். தங்க இடம் தர வேண்டும். மேற்பார்வைக்கு ஆள் வேண்டும். அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? யோசனை அப்படியே நின்றுவிட்டது.

பிறகு கே.ஜி.சையதைன் என்ற கல்வி அறிஞரை மற்ற நாடுகளில் எப்படி நடக்கிறது என்று ஆராயச் சொன்னார்கள். அவர் சொன்ன யோசனை வேறு. "விருப்பம் உள்ளவர்கள் வரட்டும்" என்றார் அவர்.

கடைசியில் அதுதான் வென்றது. காந்தி அடிகள் பிறந்த நூறாவது ஆண்டில், 1969 செப்டம்பர் 24-ந் தேதி, மத்திய கல்வி மந்திரி வி.கே.ஆர்.வி.ராவ் இந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அப்போது 37 பல்கலைக்கழகங்கள் சேர்ந்தன. 40 ஆயிரம் மாணவர்கள் முன்வந்தார்கள். இன்று பல லட்சம் பேர் இருக்கிறார்கள்.

மாணவர்கள் சட்டையில் ஒரு வட்ட வில்லை குத்தியிருப்பார்கள். அதில் ஒரு சக்கரம் இருக்கும். ஒடிசாவில் கொனாரக் சூரியன் கோவிலில் உள்ள கல் தேரின் சக்கரம் அது. சக்கரத்துக்கு எட்டு ஆரங்கள். ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிப்பவை அவை. நம் பாட்டிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு யாமம் மூன்று மணி. எட்டு யாமம் சேர்ந்தால் ஒரு நாள்!

சேருகிற மாணவன் ஆண்டுக்கு 120 மணி நேரம் வேலை செய்ய வேண்டும். இரண்டு ஆண்டில் 240 மணி. அதோடு ஏழு நாள் முகாம் ஒன்றில் இருக்க வேண்டும். அப்போதுதான் சான்றிதழ். ஒரு கல்லூரிப் பிரிவில் நூறு பேர் இருந்தால், அதில் பாதிப் பேர் முகாமுக்குப் போவார்கள். கூடவே "திட்ட அலுவலர்" என்ற பொறுப்பில் ஓர் ஆசிரியர் இருப்பார். அவரும் பாடம் நடத்துகிறவர்தான். பாடத்தோடு இந்தப் பாரத்தையும் சுமக்கிறார்.

சான்றிதழுக்காக மட்டும் சேருகிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். முதல் நாளே அவர்களைத் தெரிந்துவிடும். மண்வெட்டி எடுக்கச் சொன்னால் செல்போன் எடுப்பார்கள்!

பன்னியா? யாரு?

இந்த மாவட்டத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு.

இது முதலில் சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1965-ல் தருமபுரி மாவட்டம் பிரிந்தபோது அதோடு சேர்ந்தது. 2004 பிப்ரவரி 9-ந் தேதி கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. கர்நாடகத்தின் அத்திப்பள்ளிக்கு எதிரே, எல்லையில் இருப்பது ஜூஜூவாடி. ஆந்திர எல்லையும் தூரத்தில் இல்லை.

அதனால் ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். உருதும் கேட்கும். 1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. பிறகு லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் என்று தொழிற்சாலைகள் பெருகின. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் ஆட்களும் வேலை தேடி வந்தார்கள். இப்போது டீக்கடையில் இந்தியும் கேட்கிறது.

சேலத்துப் பக்கம் இருந்து வந்து இங்கே படிக்கிற மாணவன் இதற்குப் பழகியிருக்க மாட்டான். முகாமில் வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போவான். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி அவனைப் பார்த்துச் சிரித்தபடி, "பன்னி, பன்னி" என்பாள்.

பையனுக்கு முகம் சிவந்துவிடும். "நான் என்ன தப்பு செய்தேன்? பன்னி என்கிறாளே!"

பக்கத்தில் இருக்கும் தேன்கனிக்கோட்டை மாணவி விழுந்து விழுந்து சிரிப்பாள். கன்னடத்தில் "பன்னி" என்றால் "வாங்க" என்று அர்த்தம்!

அடுத்த வீட்டில் "ரண்டி" என்பார்கள். அது தெலுங்கு. அதுவும் "வாங்க"தான்.

ஆனால் ஒரு வார்த்தைக்கு மட்டும் யாருக்கும் விளக்கம் வேண்டாம். தமிழன் "நீர்" என்கிறான். கன்னடக்காரர் "நீரு" என்கிறார். தெலுங்குக்காரர் "நீள்ளு" என்கிறார். கை குவித்து வாயருகே கொண்டு போக வேண்டிய அவசியமே இல்லை. மூன்று வீட்டிலும் சொம்பில் தண்ணீர் வந்துவிடும்.

ஆற்றுக்கும் எல்லை தெரியாது. தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து ஓசூர் அருகே தமிழ்நாட்டுக்குள் வருகிறது. வரும் வழியில் பெங்களூர் நகரத்துக் கழிவையும் சுமந்து வருகிறது. கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை வெள்ளையாக நுரை பொங்குவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

முக்கால் சட்டிப் பாடம்

ஏரிக் கரைக்குத் திரும்புவோம்.

முதல் நாள் வேலை எப்போதும் குழப்பம்தான். வாய்க்காலில் இருந்து கரை வரை ஒருவர் பக்கத்தில் ஒருவராக நிற்கிறார்கள். கீழே ஒருவன் வெட்டுகிறான். இன்னொருவன் சட்டியில் அள்ளுகிறான். சட்டி கைமாறிக் கைமாறி மேலே போகிறது.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்து பார்த்தால்தான் தெரியும்.

பலசாலிப் பையன்கள் நாலு பேர் கீழே சேர்ந்து நிற்பார்கள். வேகம் வேகமாகச் சட்டியை வீசுவார்கள். நடுவில் நிற்கும் மெலிந்த பையனிடம் மூன்று சட்டி சேர்ந்துவிடும். அவன் ஒன்றைக் கீழே போடுவான். அது பக்கத்தில் இருப்பவள் காலில் விழும். உடனே சண்டை!

ஒரு மணி நேரம் இப்படிப் போகும். பிறகு யாராவது ஒருவருக்கு யோசனை வரும். பலசாலிக்குப் பக்கத்தில் மெலிந்தவன், மெலிந்தவனுக்குப் பக்கத்தில் பலசாலி என்று மாற்றி நிற்பார்கள். சட்டியை முழுதாக நிரப்பாமல் முக்கால் சட்டி அள்ளுவார்கள். வெறும் சட்டி திரும்பி வர வேறு ஒரு வரிசை போடுவார்கள். யாராவது பாட்டுப் பாடுவார்கள். பாட்டின் தாளத்துக்குச் சட்டி நகரும்.

அப்போது பார்க்க வேண்டும்! முழுச் சட்டியாக வீசியபோது போனதைவிட முக்கால் சட்டியில் அதிக மண் கரை ஏறும்.

கை கொப்பளித்துப் போகும். அதற்கும் ஒரு வாத்தியார் கரையில் உட்கார்ந்திருப்பார். ஊர்ப் பெரியவர். எழுத்து தெரியாதவராகவும் இருக்கலாம். "ஏம்பா, மண்வெட்டிக் காம்பை அப்படி நெரிக்காதே. லேசாப் பிடி. தூக்குறதுதான் உன் வேலை. வெட்டுறது அதோட பாரமே வெட்டிக்கும்" என்பார். அதன்படி பிடித்தால் கொப்பளம் குறையும். பொறியியல் படிக்கிற பையன் வாயைப் பிளந்து கேட்பான்.

சமையல் கூடத்தில் வேறு வேடிக்கை. ஒவ்வொரு நாளும் ஒரு குழு சமைக்க வேண்டும். ஒரு குழு பரிமாற வேண்டும். ஒரு குழு பாத்திரம் கழுவ வேண்டும். ஐம்பது பேருக்கு உப்புமா கிளறுவது விளையாட்டா? "நீ உப்புப் போட்டிருக்க மாட்டாய்" என்று நினைத்து இவன் போடுவான். "அவன் போட்டிருக்க மாட்டான்" என்று அவள் போடுவாள். அன்றைக்கு அண்டா நிறையத் தண்ணீர் குடித்தே பசி ஆறும். மறுநாள் முதல் உப்புப் போட ஒரே ஆள் என்று முடிவாகும்.

வீட்டில் சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகிற பையன்கள் எத்தனை பேர்! முகாமில் அவனே கழுவ வேண்டும். அம்மாவுக்கு இந்தச் செய்தி தெரிந்தால் நம்ப மாட்டாள்.

எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். யார் என்ன சாதி என்று கேட்க இடம் இல்லை.

ஆனால் ஊருக்குள் கதை வேறாக இருக்கலாம். ஊர்த் தெரு ஒரு பக்கம், காலனித் தெரு ஒரு பக்கம். கோவில் வாசலும் பெரிய தெருவும் கண்ணில் படும் இடங்கள். அங்கே மட்டும் துப்புரவு செய்துவிட்டுப் போனால் பெயரும் கிடைக்கும், போட்டோவும் கிடைக்கும். நல்ல திட்ட அலுவலர் முதல் நாளே பிள்ளைகளைக் காலனித் தெருவுக்கு அழைத்துப் போவார். அங்கே சாக்கடை எப்படி இருக்கிறது, குழாய் எத்தனை இருக்கிறது என்று எழுதி வரச் சொல்வார். எழுதி வந்த கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது மாணவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள்.

பொக்லைன் கேள்வி

ஏதாவது ஒரு நாள் டீக்கடையில் இந்தக் கேள்வி வந்தே தீரும்.

"தம்பி, பொக்லைன் எந்திரம் வந்தா இந்த வாய்க்காலை அரை நாளில் சுத்தம் பண்ணிடும். நீங்க ஐம்பது பேர் ஏழு நாளா தட்டிக்கிட்டு இருக்கீங்களே?"

உண்மைதான். மறுக்க முடியாது. மண் கணக்கு மட்டும் பார்த்தால் எந்திரம்தான் ஜெயிக்கும்.

இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமானால், ஊருக்காக மட்டும் இந்த வேலை நடக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பாதிக்கு மேல் மாணவனுக்காகவே நடக்கிறது. நாளைக்கு இவன் தாசில்தார் ஆவான். பாங்கில் உட்காருவான். தொழிற்சாலையில் சூப்பர்வைசர் ஆவான். அப்போது ஒரு விவசாயி மனு எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். அந்தக் கை எப்படிப்பட்ட கை என்று இவனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

ஓசூர் அருகே தொரப்பள்ளி என்று ஒரு சிற்றூர். ராஜாஜி பிறந்த ஊர். 1878 டிசம்பர் 10-ந் தேதி அங்கே பிறந்தார். ஓசூரில் படித்தார். பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் படித்தார். சென்னையில் சட்டம் படித்தார். சேலத்தில் பெரிய வக்கீல் ஆனார். பணம் கொட்டியது. அப்படிப்பட்டவர் 1925-ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்து, ஒரு சிறு வீட்டில் குடும்பத்தோடு குடியிருந்தார். சுற்றுக் கிராமங்களில் கதர் நூற்கச் சொன்னார். கள்ளை விடச் சொன்னார். கவர்னர் ஜெனரல் பதவி வந்தது அதற்கு 23 ஆண்டுகள் கழித்துத்தான். அவருடைய அரசியலை ஏற்காதவர்கள் உண்டு. ஆனால் அந்தப் புதுப்பாளையத்து வாழ்க்கையை யாரும் குறை சொன்னதில்லை.

மண் வேலையை எந்திரம் செய்யும். சரி. எந்திரம் செய்ய முடியாத வேலைகளும் அந்த ஏழு நாளில் உண்டு.

பல்லைப் பார்த்தால் தெரியும்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பல ஊர்களில் குழந்தைகளின் பல் பழுப்பாக இருக்கும். கோடு கோடாகக் கறை. பல் தேய்க்காத பிள்ளை என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். பாவம், அந்தப் பிள்ளை மேல் குற்றம் இல்லை. தண்ணீர் மேல் குற்றம்.

இங்கே நிலத்துக்கு அடியில் பாறை. அந்தப் பாறையில் உள்ள புளோரைடு என்ற பொருள் தண்ணீரில் கரைகிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரை மில்லி கிராமுக்கு மேல் அது இருந்தால் குடிக்கக் கூடாது. குழந்தைக்குப் பால் பல் விழுந்து முளைக்கப் போகும் பல், ஈறுக்குள் உருவாகும்போதே கறை பிடித்துவிடும். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பல ஆண்டுகள் அதே தண்ணீரைக் குடித்தால் எலும்பையும் பிடிக்கும். முதுகு வளையாது, முழங்கால் மடங்காது.

இதில் ஒரு பெரிய தவறு நடக்கிறது. "தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும்" என்று தாய்மார்கள் நினைக்கிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும். புளோரைடு போகாது! தண்ணீர் ஆவியாகிக் குறையும். புளோரைடு அப்படியே இருக்கும். ஆகவே காய்ச்சக் காய்ச்ச அதிகமாகத்தான் ஆகும்.

இதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஜப்பான் நாட்டுக் கடன் உதவியோடு கட்டினார்கள். 2013 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரித் தண்ணீரைச் சுத்தம் செய்து குழாய் வழியாக இரண்டு மாவட்டங்களுக்கும் அனுப்புகிறார்கள்.

ஆனால் குழாய் வந்த ஊரிலும் சிலர் ஆழ்குழாய்த் தண்ணீரையே குடிக்கிறார்கள். "குழாய்த் தண்ணீர் மருந்து வாடை அடிக்கிறது. போர் தண்ணீர்தான் ருசி" என்பார்கள். இதை எந்தப் பொக்லைன் வந்து மாற்றும்?

வேதியியல் படிக்கும் மாணவி ஒரு கண்ணாடிக் குழாயில் வீட்டுத் தண்ணீரை எடுத்து மருந்து விட்டுக் காட்டுகிறாள். நிறம் மாறுகிறது. குழாய்த் தண்ணீரையும் எடுத்துக் காட்டுகிறாள். நிறம் வேறாக இருக்கிறது. "அம்மா, சமைக்கவும் குடிக்கவும் மட்டும் இதை எடுத்துக்கங்க. துவைக்கிறதுக்கும் குளிக்கிறதுக்கும் அது போதும்" என்கிறாள். பிரசங்கம் செய்தால் கேட்காத காது, நிறத்தைப் பார்த்த பிறகு கேட்கும். அதுவும் அவள் தெலுங்கில் சொன்னால் இன்னும் நன்றாகக் கேட்கும்.

பதினெட்டு என்ற எண்

இந்த மாவட்டத்தின் மலைக் கிராமங்களில் இன்னொரு துயரம் உண்டு. எட்டாவது, ஒன்பதாவது படிக்கும்போதே பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். அஞ்செட்டி, தளிப் பக்கத்தில் இந்தப் பேச்சு அடிக்கடி அடிபடும். பள்ளிக்கூடம் தூரம். வழியில் காடு. யானை நடமாட்டம். "வயசுப் பெண்ணை எத்தனை நாள் வைத்துக்கொள்வது?" என்று பெற்றவர்கள் பயப்படுகிறார்கள். பயம் பொய் அல்ல. ஆனால் அதற்குப் பரிகாரம் தாலி அல்ல!

பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. அதற்கு முன் கலியாணம் செய்தால் குற்றம். 2006-ம் ஆண்டுச் சட்டப்படி செய்து வைத்தவர்களுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை. ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். 1098 என்ற எண்ணுக்கு யார் வேண்டுமானாலும் போன் செய்யலாம். காசு இல்லை.

சட்டத்தைச் சொன்னால் வாசலில் நிற்கும் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் அதே மலைக் கிராமத்தில் பிறந்து, பஸ் ஏறிப் போய்க் கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி வந்து திண்ணையில் உட்கார்ந்து, "நானும் இந்தக் காட்டு வழியில்தான் நடந்து போய்ப் படிச்சேன் மாமா" என்றால், அவர் கொஞ்சம் திரும்பிப் பார்ப்பார். வீட்டுக்குள் கதவுக்குப் பின்னால் நிற்கும் சிறுமியும் பார்ப்பாள். முகாமில் மாணவிகள் இருக்க வேண்டியது இதற்காகத்தான். பெண்ணை ஏழு நாள் வெளியூரில் தங்க விடத் தயங்கும் பெற்றோர், கூட வரும் ஆசிரியை யார், தங்கும் இடம் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். கேட்பதில் தவறே இல்லை.

பதினெட்டுக்கு வேறு உபயோகமும் உண்டு. 1989-ல்தான் ஓட்டு வயது 21-ல் இருந்து 18 ஆகக் குறைந்தது. முகாமுக்கு வருகிற மாணவன் பலருக்கு ஓட்டு இருக்கும். ஆனால் கிராம சபையைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டான். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகிய நாட்களில் கிராம சபை கூட வேண்டும். காலனித் தெருவில் எடுத்த குழாய்க் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, ஊர்க்காரர் ஒருவரை எழுந்து பேசச் செய்து, அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைப்பது மண் வெட்டுவதைவிடக் கஷ்டம்!

ரத்த தானத்துக்கும் 18 வயதுதான் தொடக்கம். எடை 45 கிலோவாவது வேண்டும். எடுப்பது 350 மில்லி. ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். கிருஷ்ணகிரி-ஓசூர் நெடுஞ்சாலையில் இரவு பகலாக லாரிகள் ஓடுகின்றன. ஒரு விபத்து நடந்தால் ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது ரத்தம்தான். கல்லூரியில் யாருக்கு என்ன ரத்தப் பிரிவு என்று எழுதி வைத்திருக்கும் நோட்டு அப்போது தங்கத்துக்குச் சமம்.

செத்துப் போன செடிகள்

குறையையும் சொல்ல வேண்டும்.

மரம் நடும் விழா என்றால் எல்லோருக்கும் குஷி. பேனர் கட்டுவார்கள். ஒரு செடியை ஆறு பேர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். போட்டோ எடுப்பார்கள். ஏழாம் நாள் பஸ் ஏறிப் போய்விடுவார்கள்.

எட்டாம் நாள் தண்ணீர் ஊற்றுவது யார்?

பத்தாம் நாள் ஆடு வரும். சித்திரை வெயிலில் மிச்சமும் காயும். அடுத்த ஆண்டு அதே குழியில் வேறு ஒரு செடி, வேறு ஒரு போட்டோ! ஊர்க்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பதில் என்ன தவறு?

ஆண்டுக்கு 120 மணி நேரம் என்றோமே. அதில் 70 மணி நேரம் மக்களிடையே செய்யும் பணிக்கு. ஏழு நாள் முகாம் தனி. அந்த 70 மணி நேரத்தை மாதம் தோறும் பிரித்துக்கொண்டு, தத்து எடுத்த அதே ஊருக்கு மறுபடி மறுபடி வந்தால்தான் முகாமில் செய்த வேலை நிற்கும். விவரம் தெரிந்த பிரிவுகள் இப்போது ஆயிரம் செடி நடுவதில்லை. ஐம்பது நடுகிறார்கள். ஒரு செடிக்கு ஒரு வீடு, ஒரு வீட்டுக்கு ஒரு மாணவன். புங்கன், வேம்பு, நாவல் என்று இந்த மண்ணுக்கு ஏற்றதாகப் பார்த்து நடுகிறார்கள். முள் வைத்து அடைக்கிறார்கள். செடி நடும் இடத்தையும் ஊர்க்காரர்களைக் கேட்டே முடிவு செய்கிறார்கள். பாட்டி வீட்டு வாசலில் நிழல் இல்லை என்றால் அங்கே ஒரு வேம்பு.

பிறகு மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை. ஐந்தாறு பேர் மட்டும் டவுன் பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். பேனர் இல்லை. காமிரா இல்லை. கையில் ஒரு நோட்டு. ஒவ்வொரு வாசலாகப் போய்ச் செடியை எண்ணுகிறார்கள். உயிரோடு இருந்தால் ஒரு கோடு. செத்திருந்தால் ஒரு பூஜ்யம். பூஜ்யம் போடும்போது கை கொஞ்சம் தயங்குகிறது.

சேலத்துப் பையன் திண்ணை வீட்டுக்கு வருகிறான். வாசலில் வேம்பு முழங்கால் உயரம் வந்திருக்கிறது. ஆடு கடித்த அடையாளம் ஒரு பக்கம். மறு பக்கம் புதுக் கொழுந்து. வேரடியில் ஈரம். பாத்திரம் கழுவிய தண்ணீராக இருக்கும்.

பாட்டி கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறாள். ஆள் யார் என்று தெரிந்துவிட்டது.

"பன்னி, பன்னி" என்கிறாள்.

"பந்தே அஜ்ஜி" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றுகிறான் அவன்.